வளையாத நெருப்புக்கு ஒரு வாழ்த்து

நெய்வேலி நெருப்பே, உன்னை வாழ்த்தும் உரிமை எனக்கு உண்டு. விருத்தாசலத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவில் இருக்கிற மங்கலம்பேட்டைக்காரன் நான். எங்கள் ஊர் மாவு மில்லும், கிணற்று மோட்டாரும், பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்த டியூப்லைட்டும் உன் தயவில் ஓடியவை. உன் உப்பைத் தின்றவன் உன்னைப் பழிக்கக் கூடாது. ஆகவே புகழத்தான் போகிறேன், ஒரு சொல்லும் பொய்யில்லாமல்.

முதலில் உன் பிறப்பு. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு வெட்டியபோது தண்ணீரோடு பழுப்புக் கட்டி வந்தது. இதில் ஏதோ இருக்கிறது என்று அவர் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். 1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-ல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. அடுத்த ஆண்டே, சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல் மின் நிலையத்தில் 50 மெகாவாட் யூனிட் சுழலத் தொடங்கியது. ஐம்பதும் நூறுமாகச் சேர்ந்து 600 மெகாவாட் ஆன அந்த நிலையம் 2020 செப்டம்பரில்தான் ஓய்வு பெற்றது. ஓர் அனல் நிலையத்துக்கு இருபத்தைந்து ஆண்டு ஆயுள் என்று கணக்குப் போடுவார்கள். நீ அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் உழைத்தாய். தமிழ்நாடு மட்டுமா, கர்நாடகம், கேரளம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி எல்லாம் உன் கைச்சோறு உண்டவை. இந்தப் புகழில் எனக்குக் கொஞ்சமும் தயக்கமில்லை.

உன் குணங்களில் தலையாயது உறுதி. வெளியில் இருப்பவர்கள் அதை முரண்டு என்பார்கள். உனக்குள்ளே நடப்பது அவர்களுக்குத் தெரியாது. நீ தின்கிற கரியில் ஏறக்குறைய பாதி ஈரம். உலையிலிருந்தே சூட்டுப் புகையை உறிஞ்சி, அதை வைத்துக் கரியை உலர்த்தி, அரைத்து, மறுபடி உலைக்குள் ஊத வேண்டும். தீயைக் குறைத்தால் உலர்த்தும் சூடும் குறையும். ஈரப்பொடி போய் விழும், சுவாலை தடுமாறும். பிறகு எண்ணெய் பீய்ச்சித்தான் தீயைக் காப்பாற்ற வேண்டும். 540 டிகிரி நீராவி ஓடும் தடித்த எஃகுச் சுவர்கள் இன்னொரு சங்கடம். அவசரப்பட்டு ஏற்றி இறக்கினால் உள்பக்கம் ஒரு சூடும் வெளிப்பக்கம் ஒரு சூடுமாக இழுபட்டு, நாளடைவில் கீறல் விடும். முழுக்கக் குளிர்ந்துபோன பாய்லரைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை நாள் வேண்டும். அதனால் உன்னை அணைக்க அஞ்சுவார்கள், குறைக்கவும் யோசிப்பார்கள். மதியம் நீ வேண்டியதில்லை என்றாலும், சாயங்காலம் வேண்டுமே என்று அரைகுறைத் தீயில் உன்னை எரியவிட்டுக் காத்திருப்பார்கள். கடலூர் மாவட்டத்தில் இத்தனை மரியாதையோடு மற்றவர்களைக் காத்திருக்க வைத்தவர் வேறு யாரும் இல்லை.

உன்னைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் வளைந்திருக்கிறார்கள் என்பதையும் இங்கே சொன்னால்தான் உன் உறுதியின் பெருமை முழுதாகத் தெரியும். ஊர்கள் இடம் பெயர்ந்தன. பரவனாறு தன் பழைய பாதையை விட்டு விலகியது. சுரங்கத்தின் அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீர், மேலே பீறிட்டு வந்து சுரங்கத்தை மூழ்கடித்துவிடாமல் இருக்க, இரவும் பகலும் இறைக்கப்பட்டு வழிவிட்டது. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு பக்கம் வளையமாதேவியில் பச்சை நெல்வயலில் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கின, வாய்க்கால் வெட்டுவதற்காக. நிலம் எப்போதோ கையகப்படுத்தியது என்றது நிர்வாகம். அறுவடை வரைக்கும் பொறுக்கக் கூடாதா என்று கேட்டார்கள் உழவர்கள். சென்னை உயர் நீதிமன்றத்திலும் அந்தக் கேள்வி எழுந்தது. நெல் வளைந்தது, கதிர் முற்றி அல்ல.

ஒரு போகம் பொறுக்க முடியாத வேகம் உன் நிர்வாகத்திடம் இருக்கிறது. அதே நிர்வாகத்திடம், உன் சூட்டைச் சில மணி நேரம் சேர்த்து வைக்க ஒரு தொட்டி கட்டும் காரியத்தில் அறுபது ஆண்டு நிதானமும் இருக்கிறது. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வளர்ப்பது எளிய திறமையன்று.

சூரியனும் காற்றும் உன்னிடம் காட்டும் பணிவைச் சொல்ல வேண்டும். ஆடி மாதக் காற்று ஆரல்வாய்மொழியிலும் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமும் வீசுகிறபோது காற்றாலைகள் பேய் பிடித்ததுபோல் சுற்றும். மதிய வெயிலில் தெற்குச் சீமை முழுக்க சோலார் தகடுகள் கொட்டும். தமிழ்நாட்டில் வெயிலுக்கும் காற்றுக்கும் பஞ்சமில்லை. ஆனால் வாங்குவாரில்லாத நேரத்தில், நின்றுகொள் என்று சொன்னதும் உடனே நின்றுவிடும் வசதி அவர்களுக்குத்தான் உண்டு, உனக்கு இல்லை. ஆகவே கரிச் செலவே இல்லாத மின்சாரம் ஒதுங்கும், கரி தின்கிற மின்சாரம் ஓடும். தமிழ்நாட்டில் சோலார் நிலையங்களை இப்படி ஒதுக்கிய விவகாரம் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போனது. கட்டமைப்பின் பாதுகாப்புக்காக அல்லாமல் வேறு காரணத்துக்காக நிறுத்தச் சொல்லக் கூடாது என்று 2021-ல் தீர்ப்பு வந்தது. நிறுத்தப்பட்டவர்கள் நீதிமன்றப் படி ஏறினார்கள். நிற்காத நீ எந்தப் படியும் ஏற வேண்டியிருக்கவில்லை.

இதில் எனக்கு மிகவும் வியப்பான செய்தி, அந்தச் சூரியன் உன் பங்காளி வீட்டுப் பிள்ளையும் அல்ல, சொந்தப் பிள்ளை என்பது. நெய்வேலியிலேயே 130 மெகாவாட் சோலார் நிலையம் இருக்கிறது. ராமநாதபுரம், விருதுநகர், திருநெல்வேலிப் பக்கமெல்லாம் உன் நிறுவனமே தகடு விரித்து வைத்திருக்கிறது. ஒரு கையில் நெருப்பையும் ஒரு கையில் வெயிலையும் வைத்திருக்கும் நிறுவனம் அது. இரண்டு கையையும் சேர்த்து ஒரு காரியம் செய்யாமல் இத்தனை காலம் இருந்ததைக் கட்டுப்பாடு என்றுதான் சொல்ல வேண்டும்.

தில்லியில் இருப்பவர்களின் பொறுமைக்கும் ஒரு மாலை. 2016-ல், மத்திய மின் நிலையங்கள் தங்கள் முழுத் திறனில் 55 சதவீதம் வரை இறங்க வேண்டும் என்று விதி வந்தது. 2018 ஜூனில் தாத்ரியில் என்.டி.பி.சி. தன் 490 மெகாவாட் யூனிட் ஒன்றை 40 சதவீதம் வரை இறக்கி ஓட்டிக் காட்டியது. 2023 ஜனவரியில் மத்திய மின்சார ஆணையம் நிலக்கரி யூனிட்டுகளுக்கு அந்த 40 சதவீதத்தையே விதியாக்கியது. 70 சதவீதத்துக்கு மேலே இருக்கும்போது நிமிடத்துக்கு 3 சதவீத வேகத்தில் ஏறி இறங்க வேண்டும், 55 முதல் 70 வரை 2 சதவீதம், அதற்குக் கீழே 1 சதவீதம். இதைப் படிப்படியாக 2030 வரை நிறைவேற்றலாம். விதியை எழுதியவர்கள் எங்கே போக வேண்டும் என்பதைத் துல்லியமாகச் சொன்னார்கள். எந்த வழியில் போவது என்பதைப் பெரும்பாலும் பாய்லரின் தலையிலேயே விட்டார்கள்.

பாய்லரை நேராக வளைப்பது ஒரு வழிதான். பர்னரை மாற்றலாம், கட்டுப்பாட்டுக் கருவிகளை மாற்றலாம், எஃகு எவ்வளவு தேய்ந்தது என்று அடிக்கடி பார்த்துக்கொள்ளலாம். செய்ய வேண்டியவைதான். ஆனால் பாய்லருக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் யார் என்பதை நெய்வேலி மறக்க முடியாது. 2020 மே மாதமும் ஜூலை மாதமும் இரண்டாம் அனல் நிலையத்தில் நடந்த பாய்லர் விபத்துகளில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் உட்படப் பலர் கருகி மாண்டார்கள். அந்த விபத்துகளுக்கு ஏற்ற இறக்கம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. வயதான எஃகுக்கு மேலும் ஒரு பாரம் ஏற்றும்போது, அந்தப் பாரத்தின் அருகில் மனிதர்கள் நிற்கிறார்கள் என்று சொல்கிறேன். பாய்லரை ஒரே சீராக எரியவிட்டு, வளைகிற வேலையை வேறொன்றிடம் கொடுக்க முடியுமென்றால், அதை முதலில் கேட்க வேண்டியவர்கள் இந்த ஊர்க்காரர்கள்.

அந்த வேறொன்று வெப்பத்தைச் சேர்த்து வைக்கும் தொட்டி. வெப்பம் காத்திருக்கும் என்பது எங்கள் பக்கத்தில் யாருக்கும் புதுச் செய்தியல்ல. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது, அந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுக்க ஒரு கல்லூரியும் இருக்கிறது. கொலு பொம்மை சுடும் சூளைக்குப் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். தீயை நிறுத்தி ஓர் இரவு கழிந்திருக்கும். கதவடைத்த செங்கல்லில் கை வைக்க முடியாது. திறங்களேன் என்று கேட்டால், நாளைக்குத்தான் என்பார்கள். அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்காற்று பட்டு பளபளப்புப் பூச்சு விரிந்துவிடும், முள்ளு முள்ளாகக் கோடு விழும். சூளைக்காரருக்கு இரண்டும் தெரியும்: சூடு தங்கும், சூட்டைத் திடுமென்று மாற்றினால் பொருள் விரியும். உன்னைப் பற்றித் தெரிய வேண்டியதும் இந்த இரண்டுதான். இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர் தூரத்தில் இருந்த அந்த அறிவு உன்னைத் தொந்தரவு செய்யாமல் தன் பாட்டுக்கு அகல் விளக்கும் பொம்மையும் சுட்டுக்கொண்டிருந்தது. அடக்கமான அறிவு.

மேல்நாட்டுப் புதுமை என்று ஒதுக்கிவிடவும் வழியில்லை. ஸ்வீடன் பொறியாளர் ரூத்ஸ் கண்டுபிடித்த நீராவிக் கலன்களை 1929-ல் பெர்லின் நகரத்துச் சார்லட்டன்பர்க் கரி மின் நிலையத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். மொத்தம் பதினாறு கலன்கள். தேவை குறைந்த நேரத்து நீராவியை அழுத்தத்தோடு சுடுநீராக்கி அடைத்து வைப்பார்கள். ஊரில் விளக்கேற்றும் நேரத்தில் திறந்துவிட்டால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் 50 மெகாவாட் கிடைத்தது. உன் முதல் யூனிட்டின் அளவும் 50 மெகாவாட்தான். நீ பிறப்பதற்கு 33 ஆண்டு முன்பே உன் முழு அளவை ஒரு நகரம் கலத்தில் அடைத்து மாலைக்கு எடுத்து வைத்திருக்கிறது. உன்னைக் கட்டியவர்கள் அதைப் பார்த்துக் காப்பியடிக்கவில்லை. அன்றைக்கு அவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. வெயிலில் மின்சாரம் காய்த்துத் தொங்குகிற இன்றைக்கும் காப்பியடிக்காமல் இருப்பதுதான் தனித்தன்மை.

இப்போது நீராவிக் கலனைவிட நல்ல வழிகள் வந்துவிட்டன. அதில் எனக்குப் பிடித்தது உப்பு. சோடியம் நைட்ரேட் 60 பங்கு, பொட்டாசியம் நைட்ரேட் 40 பங்கு. இரண்டாவது உப்பை எங்கள் உழவர்கள் உரக்கடையில் 13-0-45 என்று கேட்டு வாங்குவார்கள், மா பூக்கத் தெளிக்கிறார்களே, அதேதான். இந்தக் கலவை 240 டிகிரிக்குள் உருகி நீர்போல் ஓடும், 565 டிகிரி வரை தாங்கும். பெரிய தொட்டியில் நன்றாகப் போர்த்தி வைத்தால் ஒரு நாளைக்கு ஓரிரு டிகிரிதான் இறங்கும். 290 டிகிரியிலிருந்து 565-க்கு ஏற்றினால் ஒரு டன் உப்பு சுமார் 115 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பத்தைப் பிடித்துக்கொள்கிறது. டர்பைன் சுழலியில் விட்டால் நாற்பது யூனிட்டுக்குக் குறையாமல் மின்சாரம் தேறும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டாம் அனல் நிலையத்தில் ஏழு யூனிட்டுகள், ஒவ்வொன்றும் 210 மெகாவாட். அதில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாய்லர் 55 சதவீதத்தில் நிம்மதியாக எரியட்டும். ஆனால் வெளியே போகும் மின்சாரம் 40 சதவீதத்துக்கு இறங்கட்டும். இடைவெளி 31 மெகாவாட் சொச்சம். வெயில் உச்சத்தில் இருக்கும் ஐந்து மணி நேரத்துக்கு அந்த இடைவெளியை உப்பில் போட்டு வைக்க வேண்டுமானால் சுமார் 4,000 டன் உப்பு போதும். நீராவி குளிர்ந்து நீராகும்போதுதான் தன் சூட்டில் பெரிய பங்கை விடுகிறது, அதுவும் 340 டிகிரியை ஒட்டி. ஆகவே நீராவியை மட்டும் வைத்து உப்பை 565 வரை ஏற்ற முடியாது. அதற்காக உப்பை மூன்று மடங்காகவே வைத்துக்கொள்ளுங்கள், பன்னிரண்டாயிரம் டன். ஸ்பெயினில் 2009 முதல் ஓடும் ஆண்டசோல் சூரிய அனல் நிலையத்தின் ஒரு பிரிவில் மட்டும் 28,500 டன் உப்பு இருக்கிறது. அவர்கள் வெறும் 50 மெகாவாட்டுக்கு அதைச் செய்தார்கள். 1,470 மெகாவாட் இரண்டாம் நிலையத்தை நடத்தும் நிறுவனத்துக்கு அதில் பாதிகூட இல்லாத தொட்டி மலையாகத் தெரிகிறதென்றால், அது தன்னடக்கம்.

உப்பும் வேண்டாமென்றால் இதைவிட எளிய வழி ஒன்று உண்டு, செலவும் குறைவு. பாய்லருக்குள் போகும் தண்ணீரைச் சூடாக்கச் சுழலியின் நடுவிலிருந்து கொஞ்சம் நீராவியை எடுப்பார்கள். மதியம் அந்த நீராவியைக் கூடுதலாக எடுத்துத் தண்ணீரைச் சூடாக்கித் தொட்டியில் நிறைத்துவிடலாம். சாயங்காலம் தொட்டித் தண்ணீரைப் பாய்லருக்குக் கொடுத்துவிட்டு, எடுக்கிற நீராவியை நிறுத்திவிட்டால் அது முழுவதும் சுழலிக்கே போகும். தீயைக் கூட்டாமலே மின்சாரம் கூடும். தண்ணீர், எஃகுத் தொட்டி, குழாய், வால்வு. சுரங்கத்துக்காக இரவு பகலாகத் தண்ணீர் இறைக்கிற இடத்தில் இதற்கா வழியில்லை?

இந்தியாவில் யாருமே வெப்பத்தைச் சேர்த்து வைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. ராஜஸ்தானில் ஆபு ரோட்டில் பிரம்மகுமாரிகள் ஒரு மெகாவாட் சூரிய அனல் நிலையம் கட்டியிருக்கிறார்கள். கண்ணாடிக் கிண்ணங்கள் வெயிலைக் குவித்து வார்ப்பிரும்புக் கட்டிகளைக் காய்ச்சுகின்றன. அந்தச் சூட்டில் இரவிலும் நீராவி வருகிறது. ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சமையலும் நடத்தும் ஓர் ஆசிரமம் செய்ததை நவரத்னா நிறுவனம் செய்யாமல் விட்டுக்கொடுத்திருக்கிறது. விட்டுக்கொடுப்பது பெரியோர் குணம்.

எல்லாம் சுபமாக முடியும் என்று நான் சொல்லவில்லை. ஹாம்பர்க்கில் 2019-ல் ஆயிரம் டன் எரிமலைக் கல்லை 750 டிகிரிக்குக் காய்ச்சி மின்சாரம் எடுத்தார்கள். நுட்பம் வேலை செய்தது, வாங்க ஆள் வராததால் 2022-ல் மூடினார்கள். பேட்டரி விலை ஆண்டுக்கு ஆண்டு சரிகிறது. மின்சாரத்தை வெப்பமாக மாற்றி மறுபடி மின்சாரமாக்கினால் பாதிக்கு மேல் வழியில் போய்விடும் என்பதும் உண்மை. ஆனால் உன் விஷயத்தில் முதல் பாதி தேவையே இல்லை. நீ சூடாகத்தான் பிறக்கிறாய். சூட்டைச் சூடாகவே வைத்திருந்து பிறகு ஒரே ஒரு தடவை மின்சாரமாக்கினால் போதும். பேட்டரிக்காரர்களுக்கு இல்லாத இந்த வசதியை நீ இத்தனை நாள் பெருமையடித்துக்கொள்ளாமல் வைத்திருந்தாய்.

இன்னொரு எதிர்ப்பு கனமானது. தொட்டி கட்டினால் கரிக்கு ஆயுள் கூடிவிடும், பூமி இன்னும் சுடும் என்பார்கள். அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் தொட்டிக்குத் தன்னைச் சுடவைப்பது கரியா வெயிலா என்று தெரியாது. நாளைக்குச் சுரங்கம் தீரும், பாய்லர் அணையும். அன்று உபரி வெயில் மின்சாரத்தால் அதே உப்பைக் காய்ச்சி, அதே சுழலியை ஓட்டி, அதே கம்பியில் அனுப்பலாம். ஜெர்மனியின் பழுப்பு நிலக்கரிப் பகுதியிலும் சிலியிலும் இந்த எண்ணத்தோடு திட்டம் தீட்டினார்கள். தொட்டி இருந்தால் தெர்மலில் ஷிப்டு பார்க்கிறவருக்கு வேலை இருக்கும், நெய்வேலி டவுன்ஷிப்பில் கடை வைத்தவருக்கு வியாபாரம் இருக்கும். 2020-ல் ஓய்வு பெற்ற முதல் நிலையத்துக்கு அப்படி ஒரு மறுவாழ்வு வாய்க்கவில்லை. 58 ஆண்டு உழைத்ததற்கு அதை அணைத்தோம், அவ்வளவுதான்.

நெருப்பே, உன்னைப் புகழ்ந்து முடித்தேன். இனி உன்னைக் காக்கிறவர்களிடம் நேராகவே பேசுகிறேன்.

நிலம் கொடுத்தவர்கள் வளைந்தார்கள். ஆறு வளைந்தது. வெயிலையும் காற்றையும் வளைத்தீர்கள். இனி நீங்கள் வளைய வேண்டிய முறை. இரண்டாம் அனல் நிலையத்தில் ஒரே ஒரு 210 மெகாவாட் யூனிட்டைத் தேர்ந்தெடுங்கள். அதன் பக்கத்தில் ஒரு சுடுநீர்த் தொட்டியோ உப்புத் தொட்டியோ கட்டுங்கள். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பொறியியல் புலம் இருக்கிறது, சென்னையில் ஐ.ஐ.டி. இருக்கிறது, விருத்தாசலத்தில் சூளை அறிந்தவர்கள் இருக்கிறார்கள். கூப்பிடுங்கள், வருவார்கள். மூன்று கோடையும் மூன்று காற்றுப் பருவமும் ஓட்டிப் பாருங்கள். எவ்வளவு கரி மிச்சம், எவ்வளவு எண்ணெய் மிச்சம், எத்தனை யூனிட் வெயில் மின்சாரம் வீணாகாமல் தப்பியது, பாய்லர் எவ்வளவு தேய்ந்தது என்று எழுதி, அந்தக் கணக்கைத் தமிழில் அச்சிட்டு, வளையமாதேவி ஊராட்சி அலுவலகத்தில் முதல் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.